லட்டைத் தள்ளிய கை

கொல்லை வேலியில் படர்ந்த சிறுகுறிஞ்சான் கொடியில் இலை கிள்ளிக்கொண்டிருந்தாள் வேலைக்காரி பொம்மி. மலையில் மென்று பார்த்து இனம் கண்டு, அவளே கொண்டுவந்து நட்ட கொடி. மிராசுதாரின் சர்க்கரை வியாதிக்குத் தினம் அதில்தான் கஷாயம். அவரோ கஷாயத்தை வாழைக்கு ஊற்றிவிட்டு லட்டு தின்பார்.

பிள்ளை பெற்ற உடம்பு, ராத்தூக்கம் இல்லை. அம்மா வீட்டில் நாலு நாள் படுத்துக் கிடக்க லீவு கேட்டாள் பொம்மி.

பேரன் காதுகுத்துக்கு வந்த சொந்தபந்தம் முன்னால் மிராசுதார் சிரித்தார். "உன் கொடி மருந்தாமே! இந்த லட்டை நானே வேண்டாம்னு தள்ளும்படி செஞ்சிட்டா, இப்பவே லீவுல போ. முடியலைன்னா லீவுங்கிற பேச்சே எடுக்கக் கூடாது."

பொம்மி கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். "எனக்கென்னங்க தெரியும்? இந்த இலையைப் பெரிய மனுசங்க மெல்ல மாட்டாங்க, கசப்பு தாங்காதுன்னு சொல்லுவாங்க."

"எனக்கா தாங்காது?" ஒரு கை இலையை வாங்கி மென்று விழுங்கினார். மீசையை முறுக்கிவிட்டு லட்டைக் கடித்தார்.

"தூ! யாருடா மண்ணை உருட்டி வச்சது?" தட்டையே தள்ளிவிட்டார்.

அதே தட்டில் ஒன்றை எடுத்துத் தின்ற சம்பந்தியம்மாள், "தேனா இனிக்குதே!" என்றாள். கூடமே சிரித்தது.

"இலை மென்ன நாக்குக்குக் கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாதுங்க," என்றாள் பொம்மி. "நான் வரட்டுங்களா?"

பிள்ளையும் மூட்டையுமாக வாசல் தாண்டினாள். அம்மா வீட்டுப் பாயில் விழணும், யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் ஒரு ராத்திரியாவது...

"ஏ பொம்மி!" மிராசுதார் பெண்சாதியின் குரல். "போறதுக்கு முன்னால ஐயாவுக்கு இன்னும் ரெண்டு கூடை இலை கிள்ளி வச்சுட்டுப் போ!"