நாளொன்றுக்கு எத்தனை கை

“ஒரே ஒரு வார்த்தைதான் டீச்சர். அதுக்காகத்தான் மதுரையிலேர்ந்து வந்திருக்கேன்,” என்றார் ஆவுடையப்பன்.

“என்ன வார்த்தை?”

“பழுது.”

செலஸ்தீனா டீச்சர் கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். அவசரமே படவில்லை.

“விவரமாச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“கதவு, ஜன்னலுக்குப் பூசுற பெயின்ட், வார்னிஷ் எல்லாத்துக்கும் எங்க சங்கத்துல கமிட்டி போட்டு ஒரு தர விதி எழுதுறோம். எப்படிச் சோதிக்கணும், எத்தனை வருஷம் தாங்கணும்னு. பதினோரு பேர் உக்காந்து ரெண்டு வருஷமா எழுதுறோம். எல்லாம் முடிஞ்சுபோச்சு. பூச்சு பழுதாயிட்டுதுன்னு எப்போ சொல்றது, அது மட்டும் முடியலை. கறாரா எழுதினா சின்னப் பட்டறைக்காரன் தொழிலை விட்டே ஓடிருவான். தாராளமா எழுதினா வீடு கட்டினவன் வயிறெரிவான்.”

“எப்போ வேணும்?”

“வெள்ளிக்கிழமை கூட்டம். அன்னைக்கும் முடிவாகலைன்னா கமிட்டியைக் கலைச்சிருவாங்க.”

கலைச்சிருவாங்க என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. அதற்குக் காரணம் உண்டு. பெயின்ட் கம்பெனியில் ரசாயனம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போய்ப் பதினைந்து வருஷம். பிள்ளைகள் கிடையாது. மாதத்துக்கு ஒரு தடவை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்கிற இடம் உலகத்திலேயே அந்தக் கமிட்டி ஒன்றுதான். அங்கேயும் முக்கால்வாசி நேரம் சண்டைதான். ஆனாலும் கேட்கிறார்கள் இல்லையா.

அவர் வந்து நின்ற இடம் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை வளாகம். நானூறு பலகைகள் இரும்புச் சட்டங்களில் சாய்ந்து, தெற்கே பார்த்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பூச்சு. எது எத்தனை வருஷம் வெயிலையும் மழையையும் உப்புக் காற்றையும் தாங்குகிறது என்று பார்ப்பதற்கு. பத்தொன்பது வருஷமாக அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர் செலஸ்தீனா.

பள்ளிக்கூடத்தில் அவர் ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. யார் என்ன பலகை அனுப்பினாலும் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்புவார், அதனால் டீச்சர். சீடனுக்கு ஐம்பத்தெட்டு வயது, குருவுக்கு நாற்பத்தொன்று. என்ன செய்ய, தெரிந்தவர் அவர்தான்.

டீச்சர் வளாகத்தின் பின்சுவரில் இருந்த பச்சைக் கதவைக் காட்டினார்.

“அது பழுதா, இல்லையா?”

ஆவுடையப்பனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். கறுப்புத் துணியால் தேய்த்துப் பார்த்தார், பெயின்ட் மாவாக உதிர்ந்து ஒட்டவில்லை. ஓரத்தில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டிப் பிய்த்தார். பெயின்ட் அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு முறம் அகலத்துக்குப் பூச்சே இல்லை. வெறும் கட்டை. கீழே முட்டி உயரத்தில் இன்னொரு இடத்திலும் அப்படித்தான்.

“பழுது,” என்றார்.

“எதனால?”

“வெயில்.”

“அந்தக் கதவு வடக்கே பாக்குது. வெயிலே படாது.”

“அப்போ மழை.”

“மேல சன்ஷேட் இருக்கு.”

“உப்புக் காத்து.”

“உப்பு வந்து தாழ்ப்பாள் பக்கத்துல மட்டும் பாய் போட்டு உக்காருமா அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் தன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பதினோரு சோதனைகள். ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில், தொழில் தெரிந்தவர்கள் வழி தெரியாமல் நிற்கும்போது சொல்வதைச் சொன்னார்.

“பூசினவன் கை சரியில்லை.”

“பூசினது நான்தான்.”

 சமாளிக்க வேண்டுமே என்று ஆவுடையப்பன் சட்டென்று போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். தேக்குக் கதவு. அதே பச்சை. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு.

“என் வீட்டு வாசக்கதவு டீச்சர். நானே கலந்த பூச்சு. பதினாலு வருஷமாச்சு, ஒரு கீறல் கிடையாது. கமிட்டியில எல்லாரும் அசந்துட்டாங்க. இதையே அளவா வச்சுக்கலாம், பதினாலு வருஷம் கழிச்சு இது மாதிரி இல்லாததெல்லாம் பழுதுன்னு எழுதிரலாம்னு ஒரு பேச்சு இருக்கு.”

டீச்சர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கித் தாழ்ப்பாளைப் பார்த்தார். முட்டி உயரத்தைப் பார்த்தார்.

“அழகா இருக்கு. வீட்டுல எத்தனை பேரு?”

“நான் ஒருத்தன்தான்.”

“ம்,” என்றார் டீச்சர். “நாளைக்குத் தண்ணி வார நாளு. அந்தா, அந்த ரூம்ல தங்கிக்கிடுங்க.”

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் விருந்தினர் அறையில் கட்டிலில் உட்கார்ந்தார். கடல் இரைந்துகொண்டே இருந்தது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று யாருக்காவது சொல்லலாம் என்று போனை எடுத்தார். பேர்களை மேலிருந்து கீழே தள்ளினார். கேஸ் ஏஜென்சி, பல் டாக்டர், கமிட்டித் தலைவர்.  பொழுது சாய்வதற்குள் போனை வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் அவரை எழுப்பியது பெண்களின் சத்தம்.

வளாகத்துக்குள் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் அங்கே மட்டும்தான், அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான். பக்கத்து மீனவக் குடியிருப்பே பின்சுவர்க் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

வரும்போது கையால் தள்ளினார்கள். மீன் செதில் ஒட்டிய கை, மாவுக் கை, எண்ணெய்த் தலையைக் கோதிவிட்டு அப்படியே வந்த கை. போகும்போது இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். அப்போது முட்டியால் தள்ளினார்கள்.

ஆவுடையப்பன் கதவருகே மரம் மாதிரி நின்றார்.

“என்ன அண்ணாச்சி, கதவுக்குக் காவலா?” என்றாள் ஒருத்தி.

“காவலுக்கு நின்னாலும் ஓரமா நில்லுங்க. இடுப்பு ஒடியுது,” என்றாள் அவளுக்குப் பின்னால் வந்தவள்.

அவர் நகர்ந்தார். பிறகு கிட்டத்தட்ட ஓடினார்.

“டீச்சர், கை!”

டீச்சர் பலகைகளுக்கு நடுவே நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“வெயில் எழுதினோம், மழை எழுதினோம், உப்பு எழுதினோம். கை படும்னு எழுதவே இல்லை. பதினோரு பேர்ல ஒருத்தனுக்கும் தோணலை பாருங்க!”

“உங்க கதவு போட்டோவைப் பாத்துக்கிட்டுல்லா எழுதியிருக்காங்க.”

ஆவுடையப்பன் போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தார். 

“என் கதவு தாங்கி நிக்கலை, டீச்சர். அதை யாரும் தொடவே இல்லை.”

சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாலு வருஷத்துப் பெருமை அது. ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காந்து எழுதுங்க.”

அவர் பன்னிரண்டாவது சோதனையை எழுதினார். உப்புநீரும் எண்ணெயும் தோய்த்த துணியால் தாழ்ப்பாள் பக்கம் தேய்க்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு இத்தனை தேய்ப்பு. அத்தனை தேய்ப்புக்குள் கட்டை தெரிந்தால் பழுது. அதற்கு அப்புறம் தெரிந்தால் அது பழுதில்லை, புழக்கம்.

வார்த்தை கிடைத்துவிட்டது. எண் மட்டும் பாக்கி. ஒரு வீட்டுக் கதவில் நாளொன்றுக்கு எத்தனை தடவை கை படும்? எண் இல்லாத விதியைக் கமிட்டி குப்பையில் போட்டுவிடும்.

கொஞ்சம் யோசித்து, 2 என்று எழுதினார்.

டீச்சர் சிவப்புப் பென்சிலால் அதைச் சுழித்தார்.

“ஏன் டீச்சர்? காலையில போறப்போ ஒன்னு, சாயங்காலம் வர்றப்போ ஒன்னு.”

“ரெண்டும் ஒரே கை.”

“சரி, இங்கேயே இந்தக் கதவுல எண்ணிக்கிடுறேன்.”

“இது ஊருக்குப் பொதுக் கதவு. நீங்க எழுதுறது வீட்டுக் கதவுக்கு. ஆளு பொழங்குற வீடா ஒன்னுல போயி எண்ணுங்க. எந்த வீட்டுக்குப் போவீய?”

சாதாரணக் கேள்விதான். ஆனால் ஆவுடையப்பனுக்கு ஒரு வீடும் நினைவுக்கு வரவில்லை. கமிட்டிக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கும் அவர் போனதில்லை, அவர்களும் கூப்பிட்டதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் மண்டபத்தில் மொய் கவரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். யார் வீட்டு நடையையாவது கடைசியாக எப்போது தாண்டினோம் என்று நினைத்துப் பார்த்தார்.

“தங்கச்சி ஒருத்தி இருக்கா,” என்றார் கடைசியில். “ஏரல்ல. உலகம்மாள்னு பேரு.”

“போக்குவரத்து உண்டா?”

“இல்லை. வீட்டுக்காரி போனப்போ என்கூட வந்து இருந்தா. பதினாறு நாளும் சோறு வடிச்சு, சாப்பிடு சாப்பிடுன்னு கெஞ்சினா. எனக்கு யாருமே வேண்டாம், கதவைச் சாத்திட்டுப் போன்னு சொல்லிட்டேன்.”

“போயிட்டாங்களா?”

“சாத்திட்டுப் போயிட்டா.”

“அடிச்சுச் சாத்தினாங்களா, மெதுவாவா?”

இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“மெதுவாத்தான். தாழ்ப்பாள் சத்தங்கூடக் கேக்கலை.”

டீச்சர் மணி பார்த்தார்.

“ஏரல் பஸ்சு பத்தரைக்கு.”

உலகம்மாள் வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. நல்லதாகப் போயிற்று. ஆவுடையப்பன் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். எண்ணத்தானே வந்திருக்கிறோம், எண்ணிவிட்டுப் போய்விடலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

பால் கணக்குச் சொல்ல வந்தவர், ஒன்று. கறிவேப்பிலை கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள், இரண்டு. அவள் திரும்பிப் போனது, மூன்று. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த இரண்டு பெண் குழந்தைகள் மோதித் தள்ளிக்கொண்டு ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். ஒரு ஆடு தலையால் முட்டித் திறந்துகொண்டு உள்ளே போய், விரட்டப்பட்டு வெளியே வந்தது. அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அந்தக் குழந்தைகள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. தங்கச்சியின் பேத்திகளாக இருக்கலாம். அப்படியானால் தன்னையும் தாத்தா என்றுதானே கூப்பிட வேண்டும் என்று தோன்றியபோது, எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது.

நாலு மணிக்குக் கணக்கு முப்பத்தேழு. ஒரு நாளுக்கு அறுபது என்று தாராளமாகப் போடலாம். எண் கிடைத்துவிட்டது. விதி முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை எல்லாரும் கை தட்டுவார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள், அதோடு கமிட்டி கலைந்துவிடும். முடிந்தாலும் கலையும், முடியாவிட்டாலும் கலையும்.

திருநெல்வேலி பஸ் வந்து நின்றது. “ஏறுறவங்க ஏறுங்க,” என்று கண்டக்டர் சத்தம் போட்டார். அதில் ஏறினால் மதுரை போய்விடலாம்.

ஆவுடையப்பன் எழுந்தார். பஸ் இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் புறப்பட்டது. அது கிளப்பிய புழுதி அடங்கியபோது அவர் தெருவின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

கதவைத் தள்ளக் கையைக் கொண்டுபோனார். வரவில்லை.  விரலை மடக்கிக்கொண்டு, கேட்டும் கேட்காத மாதிரி மூன்று தட்டுத் தட்டினார்.

உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“யாரது?”

“நான்தாம்மா.”

பதில் வரவில்லை. குழந்தைகளின் பேச்சும் அடங்கிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று ஆவுடையப்பன் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

உள்ளேயிருந்து உலகம்மாளின் குரல், அழுகையும் அதட்டலுமாக வந்தது.

“இந்த வீட்டுக் கதவைப் போயி யாராவது தட்டுவாங்களா? தள்ளிட்டு வாங்கண்ணே.”