இறக்கி வைத்த சட்டி

கடலோரத்து மடத்தில் நயினார் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்கு முன்னால் முப்பது வருஷம் பக்கத்து அணு உலையில் வேலை பார்த்தவர். தலை முழுக்க நரைத்துவிட்டது. மடத்தை நடத்தும் மரகதம்மாள் அவரைவிட வயதில் இளையவர்தான். ஆனால் குரு குருதானே. அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

கடல் தாண்டி எங்கேயோ ஒரு நாட்டில் அணு உலை ஒன்று வெடித்தது. சுற்றியிருந்த ஜனங்கள் உடுத்திய துணியோடு ஓடியதை டிவியில் காட்டினார்கள். அதைப் பார்த்து இங்குள்ளவர்கள் பிள்ளை குட்டிகளோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கடைசியில் இந்த உலையையும் நிறுத்தினார்கள். நயினார் அன்றைக்கே வேலையை விட்டார்.

"நிறுத்தியாச்சு. இனி எனக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்று மடத்துக்கு வந்து சேர்ந்தார். வருகிற தைப்பூசத்தில் அவருக்குக் காவி கொடுப்பதாக அம்மா சொல்லியிருந்தார்.

இதற்குள் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு உலை கட்டப் பேச்சு கிளம்பிவிட்டது. பாதி ஊர் கரண்டு வேண்டும் என்றது. பாதி ஊர் உயிர் வேண்டும் என்றது.

"கட்டலாமா, கூடாதாம்மா?" என்று அன்று காலையில் நயினார் கேட்டார்.

அம்மா வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததைக் கட்டில் அடுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் சத்தம் கேட்டது. உலையில் கூட வேலை பார்த்த ஜெபராஜ் வந்து இறங்கினான்.

"அண்ணாச்சி, திரும்பி வாங்க. என்னைத் தவிரப் பழைய ஆள் பூராவும் போயாச்சு. எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள் எல்லாம் கொண்டு போய் வைக்க இடமில்லாம இன்னும் தண்ணித் தொட்டிக்குள்ளதான் கிடக்கு. சூடு அடங்கல. பம்பு நிக்காம ஓடணும்."

"புதுப் பசங்களைப் போட்டிருக்காங்கல்லடே?"

"போட்டிருக்காங்க. பம்பு சத்தம் மாறினா அவனுவளுக்குத் தெரியாது. செல்லைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கானுவ. ஏம்லேன்னு கேட்டா, அதான் நிறுத்தியாச்சேங்கானுவ."

நயினாருக்குச் சுருக்கென்றது. அவர் சொல்லிவிட்டு வந்ததும் அதே வார்த்தைதான். ஜெபராஜை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அங்கே பெரிய கல்சட்டியில் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரி பூவம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். வாசல் பேச்சு கேட்கும் ஜன்னலடியில், மடியில் இலைக் கட்டோடு அம்மா கீழே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஜெபராஜ் கூப்பிட வந்திருக்கான். நான் போகணுமா, இங்க இருக்கணுமா?"

"முதல்ல குழம்பை இறக்குங்க. பதம் வந்துட்டு."

நயினார் துணியை மடித்துப் பிடித்துச் சட்டியைத் தூக்கினார். கல்சட்டி நல்ல கனம். திரும்பினால், வழக்கமாகச் சட்டி வைக்கிற இடத்தில் வைக்கோலில் திரித்த பிரிமணை வளையத்தைக் காணோம்.

"பூவம்மா, பிரிமணை எங்கே?"

"தூக்குறதுக்கு முன்னால பாத்திருக்கணும் அண்ணாச்சி. கரண்டு காய்ச்சின கைக்குக் குழம்பு இறக்கத் தெரியலையே!"

துணியைத் தாண்டிச் சூடு விரலுக்கு வந்துவிட்டது. வெறும் தரையில் வைத்தால் சட்டி விரிசல் விடும். திரும்ப அடுப்பில் ஏற்றினால் குழம்பு தீயும்.

"அம்மா, கை சுடுது!"

"சுடத்தான் செய்யும்" என்றார் அம்மா. மடியிலிருந்த இலைக் கட்டை நகர்த்தி, அடியிலிருந்த பிரிமணையை எடுத்துத் தரையில் போட்டார்.

நயினார் சட்டியை வைத்துவிட்டுக் கையை உதறினார்.

"ஏம்மா இப்படிப் பண்ணுதீங்க?"

"கட்டலாமா கூடாதான்னு காலையில கேட்டீங்களே."

நயினார் விரலை ஊதிக்கொண்டே சட்டிக்கு அடியிலிருந்த பிரிமணையைப் பார்த்தார். பிறகு, "நான் போறதைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையே" என்றார்.

"அடுப்பை அணைங்க."

விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார்.

"அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு."

"அப்போ வாங்க, பந்திக்கு இலை போடுவோம்."

நயினார் இன்னும் அடுப்படி நிலையைக்கூடத் தாண்டவில்லை. முதுகுக்குப் பின்னால் களக் களக்கென்று சத்தம். அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில், தரையில் இருந்தபடியே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்படியே போட்டுட்டுப் போனா வத்திக் கரியாயிரும்" என்று பூவம்மா சத்தம் போட்டாள். "வெந்நியை ஊத்திக் கிண்டுங்க அண்ணாச்சி!"

நயினார் ஓடி வந்து வெந்நீரை விட்டார். கரண்டியை எடுத்துக் கிண்டினார். கிண்டிக்கொண்டே இருந்தார்.

"இது எனக்குத் தெரியாததாம்மா?" என்றார் தலை நிமிராமல்.

"தெரியும். அதான் பைக்கைப் போட்டுக்கிட்டு வந்து கூப்பிடுதாங்க."

"பயமா இருக்கும்மா. அங்க வெடிச்சதைப் பாத்ததுல இருந்து அந்தப் பக்கம் போற ரோட்டையே நான் மிதிக்கல."

"அந்தப் பசங்களுக்கு?"

"அவனுவளுக்கு ஒரு பயமும் இல்லை."

அம்மா அடுத்த இலையைத் துடைத்தார்.

"அப்போ பூசத்துக்குக் காவி?"

"சட்டி ஆறட்டும். வந்து வாங்கிக்கிடுங்க."

நயினார் சிரித்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அந்தச் சட்டி ஆற என் ஆயுசு பத்தாதும்மா. என் பேரன் ஆயுசும் பத்தாது."

"அப்போ போன உடனே முதல் வேலையா, அந்தப் பசங்க கையில இருக்க செல்லை வாங்கி வச்சிட்டு, பம்பு சத்தம் கேக்கப் பழக்குங்க" என்றார் அம்மா.