நீலத் தோடு போட்ட குட்டிகள்

பொன்னுரங்கம் ஆட்டுக் கொட்டகையிலிருந்து பேராசிரியரின் அறைக்கு ஓடியே வந்தார். நாற்பத்தெட்டு வயது, அதுவும் அந்தத் தொப்பையோடு! கிராமத்தில் கால்நடை டாக்டராக இருந்தவர், வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்திருந்தார். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் மங்கையர்க்கரசி அவரைவிட இளையவர். அதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது.

"மேடம், ஜெயிச்சுட்டோம்! தைராய்டைத் தூண்டுற ஹார்மோன் போட்ட குட்டிங்க என்னமா வளர்ந்திருக்கு தெரியுமா? கண்ணு பட்டுடும்!"

"போடாதது?"

"சுத்த நோஞ்சான்! ஒரே வயசு, ஒரே தீவனம். நாளைக்கு மாநாட்டுல சொல்லிடலாமா மேடம்? ஆடு வளர்க்கிறவங்க அத்தனை பேரும் வர்றாங்க. கேட்டதும் ஊசி வாங்க ஓடுவாங்க பாருங்க!"

மேடம் மேசையிலிருந்த காலி சிரிஞ்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

ஹார்மோன் போட்ட குட்டிகளுக்குக் காதில் நீலத் தோடு. வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்டவற்றுக்கு மஞ்சள். மேடம் சிரிஞ்சை உயர்த்திக் காட்டினார்.

அவ்வளவுதான்! மஞ்சள் தோடுகள் பதறிப் போய் மூலையில் ஒண்டிக்கொண்டன. நீலத் தோடுகளோ துள்ளி வந்து பொன்னுரங்கத்தின் தொப்பை மேல் முன்னங்காலைத் தூக்கி வைத்தன.

"சுறுசுறுப்பைப் பாத்தீங்களா மேடம்! எல்லாம் ஹார்மோன் பண்ற வேலை!"

"ஊசியைப் பாத்தா ஆடு ஓடித்தானே ஒளியும்? இதுங்க ஏன் கிட்ட வருது?"

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு குட்டி அவருடைய கோட்டுப் பையில் மூக்கை நுழைத்து அகத்திக்கீரையை உருவி எடுத்துவிட்டது.

"அது வந்து மேடம்... ஹார்மோன் ஊசி எரியும். கத்தும், பாவம். அதான் போட்டதும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிடி..."

"தினமுமா?"

"தினமும்தான்."

"மஞ்சளுக்கு?"

"அது உப்புத் தண்ணிதானே, அவ்வளவா வலிக்காதேன்னு..."

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப் போனது.

"ஐயையோ! அப்போ நாளைக்கு நான் என்ன மேடம் சொல்றது? மருந்து வேலை செய்யுதா, இல்லையா?"

மேடம் அவருடைய கோட்டுப் பையில் மிச்சமிருந்த கீரையை எடுத்து அவர் கையில் வைத்தார். மூலையில் ஒண்டியிருந்த குட்டிகளைக் காட்டினார்.

"முதல்ல அதுங்களுக்கும் கீரை போடுங்க. வளர்த்தது மருந்தா, உங்க இரக்கமான்னு அப்புறம் பாக்கலாம்."