பந்தியில் பிடித்த தீ

“அம்மா, அந்தக் கீரைக்காரி வாயை அடைக்க ஒரு வழி சொல்லுங்க” என்றார் குற்றாலலிங்கம்.

உலகம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரை மடத்துக்கு அவர்தான் குரு. லிங்கத்தைவிட வயதில் சிறியவர். லிங்கம் அரிசி மண்டியில் மேற்பார்வை பார்த்து ஓய்ந்தபிறகு சீடராக வந்து சேர்ந்தவர். சமையலும் அன்னதானப் பந்தியும் அவர் பொறுப்பு.

“மாடத்தியா? என்ன செய்யுதா?”

“தினமும் பந்தி போடுற நேரம் பாத்து கேட்டுக்கு வெளிய நின்னு ஏசுதா. வெள்ளிக்கிழமை மண்டபம் கட்டித் தாரவங்க குடும்பத்தோட வாராங்க. அவங்க காதுல விழுந்தா மண்டபம் போச்சு.”

“எதுக்கு ஏசுதா?”

“வாய்க்கொழுப்பு. வேற என்ன?”

உலகம்மை நறுக்குவதை நிறுத்தவில்லை.

“நல்ல வார்த்தை சொல்லிப் பாத்தேம்மா. கோவம் உடம்புக்கு ஆகாது, மன்னிச்சு விட்டுருன்னு சொன்னேன். அதுக்கப்புறம் கூடுதலா ஏசுதா. சேலையும் பழமும் தட்டுல வச்சுக் குடுத்துவிட்டேன். தட்டைத் தெருவுல வீசிட்டா. கேட்டைப் பூட்டினேன், சத்தம் இல்லை. அடங்கிட்டான்னு நெனச்சுத் திறந்தா, அன்னைக்குத்தான் ரொம்ப மோசம்.”

“என்ன எரியுதுன்னு பாத்தீங்களா?”

“எங்கம்மா?”

உலகம்மை அடுத்த வெண்டைக்காயை எடுத்தார்.

என்ன நடந்தது என்பதை லிங்கம் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்.

போன அமாவாசைப் பந்தியில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து கீரைக்கூடையோடு அலைந்த பசி. சாம்பார் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்திருப்பாள். மண்டபம் கட்டித் தருகிறவர்கள் திடீரென்று வந்து இறங்கினார்கள். லிங்கம் அவள் பின்னால் போய் நின்று, “எந்திரி, இடம் வேணும்” என்றார்.

அவள் கையில் சோற்றோடு எழுந்தாள். அதே இடத்தில் புது இலை விழுந்தது.

சோற்றில் கை வைத்தவரை எழுப்புகிறவனுக்கு மடம் எதற்கு, மண்டபம் எதற்கு? இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

*

மறுநாளும் மாடத்தி வந்தாள்.

லிங்கம் சமையல்காரர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். அவளை நகர்த்தப் பார்த்தார். அவள் நகரவில்லை. இவர் ஒன்று சொன்னார், அவள் ஒன்பது சொன்னாள். பேச்சு வளர்ந்தது.

உள்ளே அப்பளம் பொரிக்கிற எண்ணெய் அடுப்பிலேயே இருந்தது.

பார்க்க ஆளில்லாத எண்ணெய் காய்ந்துகொண்டே போகும். முதலில் புகையும். அப்புறம் தானாகவே பற்றிக்கொள்ளும். அந்தச் சூடு வந்துவிட்டால் அதற்குத் தீக்குச்சி தேவையில்லை.

புகை நாற்றம் வந்து இவர்கள் திரும்பி ஓடியபோது சட்டி முழுக்கத் தீ.

லிங்கம் குடத்துத் தண்ணீரை எடுத்து அப்படியே சட்டியில் ஊற்றினார்.

எண்ணெயில் தண்ணீர் மிதக்காது. அடியில் போய் அந்தச் சூட்டில் ஒரு நொடியில் ஆவியானது. ஆவி மேலே வர வழி தேடி, எரிகிற எண்ணெயையும் தூக்கிக்கொண்டு கிளம்பியது. தீ கூரைச் சட்டத்தைத் தொட்டது. லிங்கத்தின் புருவம் கருகியது, முன்கை வெந்தது. அலறிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

உலகம்மை வந்தார். அடுப்பிலிருந்து விறகை உருவி மண்ணில் தள்ளினார். சோற்று அண்டாவின் மூடியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போய், பக்கவாட்டிலிருந்து சட்டிமேல் நகர்த்தினார்.

தீ இல்லை.

லிங்கம் கையைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மூடியை எடுக்கப் போனார்.

“தொடாதீங்க.”

“அதான் அணைஞ்சிட்டுதேம்மா.”

“காத்து கிடைக்காம தீ அணைஞ்சிருக்கு. எண்ணெய் இன்னும் அதே சூட்டுலதான் இருக்கு. இப்பத் திறந்தா மறுபடி பிடிக்கும்.”

லிங்கம் கையை இழுத்துக்கொண்டார்.

“தண்ணி ஊத்தினா தீ அணையும்னுதான் ஊத்தினேன்.”

“விறகு எரிஞ்சா அணையும். எரிஞ்சது எண்ணெய். என்ன எரியுதுன்னு பாக்காம ஊத்துறதுக்கா உங்களுக்குக் கையும் கண்ணும் இருக்கு?”

உலகம்மை சத்தம் போட்டு அந்த மடத்தில் யாரும் கேட்டதில்லை. சமையல்காரர்கள் நழுவிவிட்டார்கள்.

“மாடத்திகிட்ட என்ன எரியுது?”

“பந்தியில ஒரு சின்னத் தகராறும்மா.”

“என்ன தகராறு?”

“இடம் பத்தலை. எந்திரிக்கச் சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

“அன்னைக்கு ஏகப்பட்ட கூட்டம். யாரு சொன்னாங்களோ.”

உலகம்மை விளக்குமாறை எடுத்துக் கரியைக் கூட்டத் தொடங்கினார். சாயங்காலம் சமையல்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

*

வெள்ளிக்கிழமை மண்டபம் கட்டித் தருகிறவர்கள் வந்தார்கள்.

லிங்கம் காலையிலேயே கேட்டைப் பூட்டிவிட்டார். மத்தியானம் வெளியே மாடத்தியின் குரல் கேட்டதும், மைக்கில் பக்திப் பாட்டைச் சத்தமாக வைக்கச் சொன்னார். இனி அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கவலையில்லை.

பந்தியில் அந்தக் குடும்பத்துப் பெரிய மனிதருக்கு அடுத்த இலை லிங்கத்துடையது. உலகம்மை தானே பரிமாற வந்தார். லிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

“எங்க அம்மா கையால சாப்பிட குடுத்து வச்சிருக்கணும்” என்று பெரிய மனிதரிடம் சொன்னார். சாம்பார் சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார்.

“எந்திரிங்க” என்றார் உலகம்மை.

“அம்மா?”

“இடம் வேணும்.”

லிங்கம் சுற்றிலும் பார்த்தார். எதிர் வரிசையில் இலைகள் காலியாகக் கிடந்தன.

“அங்க எல்லாம் இடம் இருக்கேம்மா.”

“எந்திரிங்கன்னு சொன்னேன்.”

பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. பெரிய மனிதரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். லிங்கம் எழுந்தார். உலகம்மை குனிந்து, சோறு இருந்த இலையைத் தன் கையாலேயே மடக்கினார்.

லிங்கத்துக்குக் காது சுட்டது. ராத்திரி பகல் பார்க்காமல் இந்த மடத்துக்கு உழைத்தவனை, மண்டபம் கட்டித் தருகிறவர்கள் முன்னால், ஒரு வாய் சோற்றுக்கு இப்படியா? இந்த அம்மாள் ஒரு குருவா? வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

சமையல்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

“விடுங்கய்யா. மனசுல வச்சுக்காதீங்க. அமைதியா இருங்க.”

அந்த ஆளை ஓங்கி அறைந்துவிடலாம் போல் இருந்தது லிங்கத்துக்கு.

அறையவில்லை. தான் மாடத்தியிடம் சொன்னதும் இதேதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கை கழுவக் குழாய்ப் பக்கம் போகவில்லை. நேராகக் கேட்டுக்குப் போனார். இடது கையால் பூட்டைத் திறந்தார்.

பாட்டுச் சத்தத்தை மீறி ஏசிக்கொண்டிருந்த மாடத்தி இவரைக் கண்டதும் இன்னும் குரலை உயர்த்தினாள். பிறகு அவருடைய வலது கையைப் பார்த்தாள். விரல்களில் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்ன, எச்சிக்கையோட வாரீரு?”

லிங்கம் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

“எந்திரிக்கச் சொல்லிட்டாங்க.”

“சாப்பிட்டுக்கிட்டு இருக்கையிலயா?”

“ஆமா.”

“பந்தியில வச்சா?”

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கிவிட்டது.

மாடத்தி கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“யாரு அது? தள்ளும், நான் போயிக் கேக்கேன்.”