புலியரசர் குகைக்குள் சொன்ன சொல்

வேங்கைமலைக் காட்டில் ஒரே ஒரு பெரிய குளம் இருந்தது. அதன் கரையைக் காவல் காக்கும் வேலை கயலன் என்ற நீர்நாயுடையது. கோடை தொடங்கியதும் புலியரசர் கயலனைத் தன் குகைக்கு அழைத்தார்.

"வடக்குக் கரையை உடைத்துவிடு! தண்ணீர் என் குகைப் பள்ளத்துக்கு வரட்டும்!"

"அரசே, குளம் வற்றினால் மான்களும் மீன்களும் என்ன செய்யும்?"

"அது உன் கவலை இல்லை! நாளை வந்து பதில் சொல்!"

கயலனுக்குப் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. சென்ற கோடையில் காவலுக்கு இருந்தது ஓர் ஆமை. அதற்கும் இதே உத்தரவு வந்தது. ஆமை கரையை உடைத்தது. விலங்குகள் கொதித்துப்போய்க் கேட்டபோது, "நான் அப்படிச் சொல்லவே இல்லை!" என்றார் அரசர். சாட்சி யாரும் இல்லை. ஆமையைக் காட்டைவிட்டே துரத்திவிட்டார்கள்.

கயலன் மலைமைனாவைத் தேடிப் போனது. அந்த மைனா எதையும் ஒருமுறை கேட்டால் போதும். குரல் மாறாமல், இருமலைக்கூட விடாமல் அப்படியே திருப்பிச் சொல்லும்.

"நாளை குகை வாசல் மூங்கில் புதரில் இரு. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொள். நான் வெளியே வந்ததும் நீயும் வந்துவிடு!"

"சரி அண்ணே!" என்றது மைனா.

மறுநாள் கயலன் குகைக்குப் போய் மறுத்துப் பார்த்தது. பயனில்லை. அரசர் உறுமி அனுப்பினார். ஆனாலும் கயலன் கரையைத் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சபை கூடியது. நரி மந்திரி எழுந்தது.

"கயலன் காவலில் தூங்குகிறது! அதையும் துரத்த வேண்டும்!"

"நான் தூங்கவில்லை. அரசர் சொன்ன ஒரு வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான்!" என்றது கயலன்.

"நான் எந்த வேலையும் சொல்லவில்லையே!" என்றார் அரசர்.

கயலன் மைனாவைப் பார்த்துத் தலையசைத்தது. மைனா வாய் திறந்தது. சபை நடுவே அரசரின் குரல் கேட்டது.

"கரையை உடை! யாராவது கேட்டால் நண்டு வளை தோண்டியது என்று சொல். மறுத்தால் ஆமை போன வழியே நீயும் போவாய்!"

மான்கள் குட்டிகளை அணைத்துக்கொண்டன.

"குற்றம்! பெரிய குற்றம்!" என்று நரி கத்தியது. "இருவர் பேசுவதை மூன்றாமவர் ஒளிந்து கேட்கக் கூடாது. இது காட்டுச் சட்டம்! அதிலும் அரசரின் பேச்சை!"

நீதிபதியான யானை கயலனிடம் கேட்டது. "என்ன சொல்கிறாய்?"

"ஐயா, அந்தப் பேச்சில் நானும் ஒருவன். என் முகத்தைப் பார்த்துச் சொன்னதை நான் வெளியே சொல்லலாம் அல்லவா? என் வாய் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதனால்தான் மைனாவை வைத்தேன்."

யானை தும்பிக்கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னது.

"உன்னிடம் சொன்ன சொல் உனக்கும் சொந்தம். அரசர் சொன்னார் என்பதால் அது மாறாது. சாட்சி செல்லும்!"

நரி சட்டென்று பக்கம் மாறியது. மைனாவின் அருகே போய்க் குழைந்தது.

"கெட்டிக்கார மைனாவே! இன்னும் என்னவெல்லாம் கேட்டாய்? அதையும் சொல்லேன்!"

மைனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "கயலன் அண்ணன் போன பிறகும் நான் அங்கேயே இருந்தேனே! அரசர் அரசியிடம் பேசினார்!" என்றது. உடனே அரசரின் குரலில் தொடங்கியது. "அரசி, இதை யாரிடமும் சொல்லிவிடாதே..."

புலியரசரின் முகம் வெளிறியது.

"நிறுத்து!" என்று கயலன் பாய்ந்து வந்து மறித்தது. "அது என்னிடம் சொன்னது இல்லை! நான் அதைக் கேட்கச் சொல்லவும் இல்லை!"

"கயலன் வெளியே வந்த நொடியிலேயே நீ மூன்றாமவன் ஆகிவிட்டாய்!" என்று யானை மைனாவிடம் சொன்னது. "அந்தப் பேச்சு இந்தச் சபைக்கு வேண்டாம். ஒரு மழைக்காலம் முழுவதும் நீ எந்தக் குகைப் பக்கமும் பறக்கக் கூடாது!"

மைனா தலை குனிந்தது. நரி மெல்லப் பின்வாங்கியது.

தன் ரகசியத்தைக் காத்த கயலனை அரசர் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"கரையை உடைக்கச் சொன்னது நான்தான். சென்ற கோடையிலும் நான்தான். ஆமையைத் திரும்ப அழைத்து வாருங்கள்!"

குளத்தின் மேல் இனி அரசருக்கு அதிகாரம் இல்லை என்று சபை தீர்மானித்தது. அரசரும் தலையசைத்தார். அந்தக் கோடையில் குளம் வற்றவும் இல்லை.

நம்மிடம் சொல்லப்பட்ட அநியாயத்தை வெளியே சொல்வது நம் உரிமை. நம்மிடம் சொல்லாததை ஒளிந்து கேட்பது திருட்டு.