விரியன் சீறத் தொடங்கிய நாள்

பாம்புகளும் மனிதரோடு வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஆப்பிரிக்கப் புல்வெளியில் மாடு மேய்த்த மாசாய் மக்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. அங்கே இரண்டு பாம்புகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. இரண்டுக்கும் பழுப்பு உடம்பு, முதுகில் கறுப்புப் பட்டை. ஒன்று பல்லில்லாமல் பறவை முட்டையை விழுங்கிப் பிழைப்பது. மற்றது விரியன். அது கடித்தவர்கள் பிழைத்ததில்லை. நசேரியன் என்ற பெண்ணின் கொழுந்தன், முட்டைப் பாம்புதானே என்று ஒரு விரியனைக் காலால் ஒதுக்கப்போய்ச் செத்துப்போனான்.

ஒரு நாள் காலையில் நசேரியன் தன் கைக்குழந்தையை மரத்தடியில் கன்றுத்தோல் விரித்துத் தூங்கவைத்துவிட்டு, பக்கத்தில் விறகு பொறுக்கினாள். திரும்பிப் பார்த்தபோது, குழந்தையின் காலருகே ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது.

அவள் கையில் ஒரு விறகுக்கட்டை இருந்தது. ஓடிவந்து கட்டையை ஓங்கினாள். அடி தவறினால் பிள்ளை போய்விடும் என்று தோன்றியதும் கை அப்படியே நின்றது.

"நீ எந்தப் பாம்பு?" என்று மெல்லக் கேட்டாள்.

"விரியன்" என்றது அது. "கட்டையைக் கீழே போடு, தாயே. பயந்துவிட்டால் என்னையறியாமல் கடித்துவிடுவேன். நிழலுக்கு ஒதுங்கினேன். பிள்ளையை நான் கவனிக்கவில்லை."

ஏமாற்ற நினைத்திருந்தால் முட்டைப் பாம்பு என்றல்லவா சொல்லியிருக்கும்? நசேரியன் கட்டையை வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். பிள்ளையை விட்டு விலகிய ஒவ்வோர் அடியும் உயிரைப் பிடுங்கியது. விரியன் சுருள் பிரிந்து, அவசரமில்லாமல் புல்லை நோக்கி நகர்ந்தது. குழந்தை தூக்கத்தில் காலை உதைத்தது. அப்போது அங்கே வெறும் கன்றுத்தோல்தான் இருந்தது.

அவள் பிள்ளையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். பிறகுதான் மூச்சு சீரானது.

புல்லோரம் கிடந்த விரியனைப் பார்த்துச் சொன்னாள்: "நான் கேட்டேன், நீ சொன்னாய். கேட்காமல் மிதிக்க வருகிறவனை என்ன செய்வாய்?"

"எனக்கு விரைந்து ஓட வராது. மிதிபட்டால் கடிப்பேன். வேறென்ன செய்ய?"

"காலடி அதிர்ந்ததுமே மூச்சை இழுத்துச் சத்தமாக விடு. எங்கள் ஆட்களிடம் நான் சொல்லிவைக்கிறேன், நின்றுவிடுவார்கள். நிற்கிறவனைக் கடிக்காதே."

"அவர்கள் நின்றால் எனக்கும் நிம்மதிதான்" என்றது விரியன்.

அன்று முதல்தான் விரியன், ஆள் நெருங்கினால் உடம்பை உப்பவைத்து உஸ்ஸென்று சீறுகிறது. அதைக் கேட்டவர்களும் என்ன பாம்பென்று குனிந்து பார்க்காமல் அங்கேயே நின்று, வந்த வழியே வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.