பன்றிகளைக் கூப்பிட்ட ஆள்காட்டி

மலையடிவாரத்துப் புல்வெளியில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சரளைக்கல்லுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம், அதில் கல்லின் நிறத்திலேயே முட்டைகள். சுற்றிலும் கோடையில் காய்ந்த புல். கீழ்ப்புறம் ஒரு மூங்கில் புதர். அங்கே காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு குடியிருந்தன.

ஆள்காட்டியின் வேலை கத்துவது. யார் வந்தாலும் கத்தும். பன்றி வந்தால் தொண்டை கிழியக் கத்தும், ஏனென்றால் பன்றிக்கு முட்டை என்றால் உயிர். காடு முழுவதையும் தானே காப்பதாக ஆள்காட்டிக்கு ஒரு பெருமை. காட்டுக்கோ அது ஒரு தொல்லை.

அன்று காலை எறும்புகள் தம் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறின. தட்டான்கள் தாழப் பறந்தன. காற்று அசையவில்லை. பாறைமேல் மயில் தோகையை விரித்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் நல்ல மழை!" என்றது மயில். மான்களும் முயல்களும் துள்ளின.

"மழை வரும். யாரு இல்லேன்னாங்க?" என்றது ஆள்காட்டி. "ஆனா கோடை மழை நேரா வராது. முதல்ல காத்து, அப்புறம் இடி, கடைசியிலதான் மழை. நடுவுல ஒரு இடி மேட்டுப் புல்லுல விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"நல்ல நாளும் அதுவுமா ஏன் இப்படி வாயை வைக்கிறே?" என்றது மயில்.

"அன்னைக்கு எருமை தண்ணி குடிக்கப் போனதுக்கும் இப்படித்தானே கத்தினே?" என்றது ஒரு முயல். எல்லாரும் சிரித்தார்கள்.

போன கோடையிலும் இதே பேச்சு, இதே சிரிப்பு. அன்று இடி விழுந்தது, புல் பற்றியது. சரளைக்கல்வரை தீ வரவில்லை. வெக்கை மட்டும் வந்தது. அதுவே போதுமாயிருந்தது. முட்டைகள் இருந்த இடத்திலேயே வெந்துபோயின. பிறகு ஆள்காட்டி ஒவ்வொரு புதராகப் போய், "நான் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டது. எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சரியாகச் சொன்னவனை எந்தக் காடு மன்னித்திருக்கிறது?

ஆள்காட்டி கூட்டுக்குத் திரும்பியது. அதன் துணை அடைகாத்துக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. சிரிக்கட்டும். சாயங்காலம் தெரியும்."

"போன வருஷமும்தான் தெரிஞ்சுது. நீ ஜெயிச்சே, முட்டை வெந்துச்சு" என்றது துணை. முட்டைகளை அலகால் புரட்டிவிட்டு, "சரி, அவங்க கேட்கறாங்கன்னே வை. என்ன செய்யச் சொல்லுவே?" என்றது.

கத்துவதைத் தவிர ஆள்காட்டி எதையும் யோசித்ததில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தது. மேட்டுப் புல்லுக்கும் கூட்டுக்கும் நடுவே கோரை காய்ந்துகிடந்தது. மேலே சருகு. அடியில் கிழங்கு. பன்றிகளுக்கு உயிரான கிழங்கு. இத்தனை நாளாக அதைப் பற்றி ஆள்காட்டி மூச்சு விடவில்லை. கிளற வருகிற பன்றி முட்டையைக் காணாமல் போகுமா?

"பன்றி கிளறின மண்ணுல புல் நிக்காது. புல் இல்லாத இடத்துல தீ நடக்காது" என்றது ஆள்காட்டி.

"பன்றியையா கூப்பிடப் போறே?"

"மண்ணைக் கிளற வேற யாருக்குத் தெரியும்? சும்மா இருந்தா முட்டை வேகும். கூப்பிட்டா ஒருவேளை பிழைக்கும்."

துணை முட்டைகளை இன்னும் நன்றாக மூடிக்கொண்டது.

மூங்கில் புதரில் கிழட்டுப் பெண்பன்றி ஒரு கண்ணைத் திறந்தது.

"என்ன, கத்தாம வர்றே? உடம்பு சரியில்லையா?"

"அக்கா, மேட்டுக்கும் என் கூட்டுக்கும் நடுவுல கோரைக்கிழங்கு இருக்கு. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிவரைக்கும்."

பன்றி எழுந்து நின்றது. "இதை என்கிட்ட ஏன் சொல்றே?"

"சாயங்காலம் இடி விழும். தீ மேட்டுலேர்ந்து இறங்கினா முதல்ல என் முட்டை, அடுத்தது உன் குட்டிங்க."

பன்றி தன் மடியில் முட்டி மோதிய குட்டிகளைப் பார்த்தது. "முட்டையைத் தொடமாட்டேன்னு சத்தியமெல்லாம் பண்ணமாட்டேன். கிழங்கு இருக்கிறவரைக்கும் முட்டை எதுக்கு? அவ்வளவுதான் என் பேச்சு."

"அது போதும் அக்கா."

பன்றிக் கூட்டம் ஏறி வந்தது. மூக்கை மண்ணில் குத்தி, கோரையை வேரோடு புரட்டித் தள்ளியது. கூட்டுக்கு அருகே உறுமல் கேட்கும்போதெல்லாம் ஆள்காட்டிக்குப் பிறந்ததிலிருந்து பழகிய கத்தல் அலகுவரை வந்தது. விழுங்கிக்கொண்டது. ஒரு தடவை கத்தினால் பன்றிகள் வேலையை விட்டுவிட்டுக் கலைந்துவிடும்.

மாலையில் காற்று எழுந்தது. மேட்டு மரம் ஒன்றில் இடி இறங்கியது. மழைத்துளி ஒன்றுகூட விழவில்லை. அதற்குள் புல் பற்றிக்கொண்டது. மானும் முயலும் தலைதெறிக்க ஓடின. மயில் பறந்தே போய்விட்டது. தீ சரிவில் இறங்கி, கிளறிய மண்ணின் விளிம்புக்கு வந்து நின்றது. பறந்து வந்த பொறிகள் வெறும் மண்ணில் விழுந்து அணைந்தன. அகலமான அந்த மண் வெக்கையையும் தள்ளியே நிறுத்தியது. ஆள்காட்டி சிறகை விரித்து முட்டைமேல் படுத்திருந்தது.

பிறகுதான் மழை வந்தது. கொட்டித் தீர்த்தது.

மறுநாள் மயில் மீண்டும் பாறையேறி, "மழை வரும்னு சொன்னேன். வந்து தீயை அணைச்சுதா?" என்றது. மான்கள் தலையாட்டின. கிளறிய மண் சேறாகியிருந்தது. பன்றிக்குட்டிகள் அதில் புரண்டன. ஆள்காட்டியை ஒருவரும் நினைக்கவில்லை.

கிழட்டுப் பன்றி மட்டும் கூட்டுப் பக்கம் வந்து நின்றது.

"கிழங்கு தீர்ந்துபோச்சு. நாளைக்குப் பசிக்கும். கூடு எங்கேன்னும் எனக்குத் தெரியும்."

"தெரியும் அக்கா. எங்க பிள்ளைங்க பொரிச்ச அன்னைக்கே நடக்கும், அதுக்குள்ள போயிடுவோம்" என்றது ஆள்காட்டி. அதன் வயிற்றுக்கடியில் ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தது.

ஆபத்து வருகிறது என்று சரியாகச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அதைத் தடுக்கும் வேலைக்குப் பகைவனையும் கூட்டிவரத் தெரிந்திருக்க வேண்டும்.